முப்பத்தேழாம் இலக்கத்தின் இரத்தம்

கருங்கல்மட்டம் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவுக்கு விஞ்ஞானம் ஒரு வெள்ளை வேனில் வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருசம். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பையன்கள் வெள்ளை வேனில் ஏற்றப்பட்டுக் காணாமல் போகிற காலம் அது. டயகம ரோட்டிலிருந்து வேன் மேலே திரும்பியதுமே லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து கதவுகள் சாத்திக்கொண்டன. இரண்டு இளந்தாரிகள் பின்பக்கத்தால் குதித்துத் தேயிலைக்குள் ஓடினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வேன் நின்றது. அதன் பக்கவாட்டில், கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற சிறுநீரகம் ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. பெரியவர்களைப் பிடிக்க வரவில்லை, பிள்ளைகளுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

'மலைநாட்டுச் சிறார் சிறுநீர்ப் பின்னோட்டக் குருதிக்குறி ஆய்வுத் திட்டம்' என்று பதாகை கட்டினார்கள். அது களத்தின் அகலத்துக்கு அடங்கவில்லை. 'திட்டம்' என்ற சொல் மட்டும் மடங்கிப் போய்க் கக்கூஸ் சுவரில் தொங்கியது.

திட்டத்தின் தலைவர் டாக்டர் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டு போட்டிருந்தார். மைக் தேவையில்லாத குரல்.

"தாய்மாரே! மூத்திரம் எண்டது கீழ போகவேணும். சில பிள்ளையளுக்கு அது திரும்பி மேல போகுது. மேல போய்ச் சிறுநீரகத்தைத் தின்னுது. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளும் என்ன செய்தவை? கண்டிக்குக் கொண்டுபோய், பிள்ளையின்ரை மூத்திர வாசலுக்குள்ளால குழாய் விட்டு, சாயம் ஏத்தி எக்ஸ்ரே பிடிச்சவை. பிள்ளை கத்தும். இனி ஒரு பிள்ளையும் கத்தாது. காய்ச்சல் நேரத்தில ஒரு குழாய் இரத்தம் போதும். அதுக்குள்ள ஒரு குறி இருக்கு. அது அரைக்கு மேல இருந்தால் மட்டும் எக்ஸ்ரே. அரைக்குக் கீழ எண்டால் வீட்டை போகலாம். இரத்தம் பொய் சொல்லாது!"

தாய்மார் கைதட்டினார்கள். முன்வரிசையில் நின்ற அழகம்மா, வாய் சும்மா இருக்காதவள், கேட்டாள்: "ஐயா, இப்பவே இந்தப் புள்ளைங்களப் பாத்துச் சொல்லுவீங்களா? காலையிலேர்ந்து நிக்கிதுங்க."

டாக்டர் சிரித்தார். "நான் பிள்ளையளைப் பார்க்கிறேல்லை அம்மா. இருவது வருசமா ஆய்வுகூடத்தில இருக்கிறன். பிள்ளை எண்டால் அழும், நெளியும், வயித்தைக் காட்டச் சொன்னால் காதைக் காட்டும். குழாய்க்குள்ள இருக்கிற இரத்தம் அப்பிடி இல்லை. மரியாதையா இருக்கும்."

இதற்கும் கைதட்டினார்கள்.

பேச்சியம்மா கைதட்டவில்லை. அவள் இடுப்பில் மகள் கௌசி இருந்தாள். ஐந்து வயதுக்கு இடுப்பில் இருக்கிற பிள்ளை இல்லைதான். ஆனால் அந்த வருசத்தில் இரண்டு தடவை காய்ச்சல் வந்து, ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் லயமே கேட்க அலறி, கால்கள் குச்சியாகிவிட்டன. மூத்திரத்தில் கிருமி என்றார்கள் ஆஸ்பத்திரியில். அங்கிருந்த சின்ன வயது சிங்கள டாக்டரம்மா, பக்கத்துக் கட்டில்காரியை மொழிபெயர்க்க வைத்துத் தெளிவாகவே சொல்லியிருந்தாள்: மூத்திரம் மேலே போகிறதா என்று கண்டியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, ஒவ்வொரு காய்ச்சலும் கிட்னியில் ஒரு தழும்பு போட்டுவிட்டுத்தான் போகும். அடுத்த மாதத் திகதி போட்டு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்திருந்தாள். பேச்சியம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் தோட்டத்து டிஸ்பென்சர் செபமாலை அவளைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, கண்டித் துண்டக் கொண்டா. இனி அது செல்லாது. அங்க உள்ள திகதியெல்லாம் திட்டம் மொத்தமா எடுத்துருச்சு."

"அப்ப எக்ஸ்ரேங்க?"

"அரைக்கு மேல வந்தா திட்டமே வேன்ல கூட்டிப் போகும். கீழ வந்தா வியாதியே இல்ல. ரெண்டுல எது வந்தாலும் ஒனக்கு நல்லதுதானே? எதுக்கு மூஞ்சத் தூக்குற?"

துண்டை வாங்கி, நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தார். மேசை ஆடாமல் நின்றது. பதிலுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். முப்பத்தேழு என்று எழுதி, கழுத்தில் மாட்டக் கம்பளி நூல் கோத்திருந்தது.

இரண்டு வாரத்தில் கௌசிக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துச்சாலைக்கு ஓடினாள் பேச்சியம்மா. செபமாலை மருந்துப் போத்தலைக் கையில் எடுத்து, திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இரத்தம் எடுக்குமுன் மருந்து கொடுத்தால் குறி கலங்கிவிடும் என்பது திட்டத்தின் உத்தரவு. திட்டத்தின் நர்ஸ், மிஸ்ஸி ஜெயமலர் வரும்வரை பிள்ளை வாங்குப் பலகையில் கிடந்து நடுங்கியது. மிஸ்ஸி நல்லவள், ஊசியை மெதுவாகத்தான் குத்தினாள். ஆனால் இரத்தம் கொண்டுபோகிற ஐஸ்பெட்டியில் டாக்டருக்கு நீர்கொழும்பிலிருந்து வந்த அறக்குளா மீன் இருந்தது. இரண்டும் ஒன்றாகப் போக முடியாது. மீன் பழுதாகாமல் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் இன்னொரு குழாய், அதுவரைக்கும் மருந்து இல்லை. அன்றைக்குத் தூறல். குழாயில் ஒட்டிய பெயர் கரைந்துவிட்டது. பெயரில்லாத இரத்தம் எவ்வளவு நல்ல இரத்தமாக இருந்தாலும் விஞ்ஞானத்துக்கு ஆகாது என்று கொழும்பிலிருந்து போன் வந்தது. மூன்றாவது குழாய் போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் போய்ச் சேர்ந்து, பூட்டிய ஆய்வுகூடத்தின் ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்தது. நாலாவது குழாயில் ஒரு குறையும் இல்லை. படிவத்தில்தான், கறுப்பு மையில் போட வேண்டிய கையெழுத்தை நீல மையில் போட்டிருந்தார்கள். படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இரத்தத்தைக் கொட்டிவிட்டார்கள்.

இதற்குள் ஒன்பது நாள். ஒன்பதாம் நாள்தான் அலுமாரி திறந்தது. மருந்து குடித்ததும் காய்ச்சல் இறங்கியது. கௌசியின் உதடு வெளிறிப் போயிருந்தது. உள்ளங்கையில் ரேகைகூடச் சிவப்பாக இல்லை.

அடுத்த புதன்கிழமை ஜெயமலர் மறுபடி வந்தாள்.

"இப்பக் காய்ச்சல் இல்லீங்களே மிஸ்ஸி."

"பரவாயில்லையம்மா. காய்ச்சல் முப்பத்தொன்பது பாகை எண்டு முதலே எழுதியாச்சு. ஐம்பது குழாய் கொழும்புக்குப் போகவேணும். நாப்பத்தொன்பது போயிட்டுது. முப்பத்தேழு மட்டும் நிரம்பேல்லை. அதை நிரப்பினால் சரி, அவ்வளவுதான். பத்து மணிக்குப் பிள்ளையைக் கொண்டு வாங்கோ."

திட்டம் வந்த நாள் முதல் பேச்சியம்மாவுக்கு முழுசாக விளங்கிய வாக்கியம் இதுதான். நிரம்ப வேண்டும். ஒன்று குறைகிறது. இதைத்தானே அவள் பதினாறு வயதிலிருந்து தினமும் மூன்று வேளை கொழுந்து நிறுக்கிற தராசடியில் கேட்கிறாள்? யாருக்காவது காய்ச்சல், வயிற்றில் பிள்ளை, கை ஓடவில்லை என்றால், பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். தராசு முள் எடையைத்தான் பார்க்கும். எந்தக் கை கிள்ளிய கொழுந்து என்று கேட்காது. கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், அவர் அந்த நேரம் பார்த்து மலையைப் பார்ப்பார். கௌசி வயிற்றில் இருந்தபோது ஒரு மாதம் முழுக்க அவள் எடையை நிரப்பியவள் அழகம்மா.

இப்போதும் அவள்தான் வந்தாள்.

"இந்தப் புள்ளகிட்ட இன்னும் உறிஞ்ச என்னாடி இருக்கு? எம்மவளப் பாரு, ஒரு றாத்தல் பாண ஒத்தையா திங்குறா. அவ கையில எடுக்கட்டும். எண்ணிக்கைக்குத்தானே?"

"கண்டுபுடிச்சிட்டா?"

"யாரு? அந்த டாக்டரு புள்ளைங்க மூஞ்சியவே பாக்க மாட்டேன்னு மைக்கு இல்லாமயே கத்துனாரே, கேக்கல நீ?"

அழகம்மாவின் மகள் யோகராணிக்கும் ஐந்து வயது. மஞ்சள் அட்டையை அவள் கழுத்தில் மாட்டியபோது அழுதது கௌசிதான். "அம்மா, ஏன் அட்டைய யோகி போட்டுக்கிட்டா!"

மிஸ்ஸி இவ்வளவு நாளும் ஐந்து தோட்டம் சுற்றிய களைப்பில் இருந்தாள். அட்டையைப் பார்த்தாள், கையைத் தேடினாள், குத்தினாள். முப்பத்தேழு நிரம்பியது.

முடிவு ஒரு சான்றிதழாக வந்தது. தங்க நிற ஓரம் போட்டது. 'முப்பத்தேழாம் இலக்கப் பிள்ளை பின்னோட்டம் அற்றது' என்று மூன்று மொழியிலும் இருந்தது. செபமாலை அதை வாசித்துக் காட்டி, "அரைக்கு எங்கயோ கீழ! போயி பொங்கல் வையி," என்றார். பேச்சியம்மாவுக்குச் சந்தோசம் வருவதற்குள் அது யோகராணியின் இரத்தம் என்பது நினைவுக்கு வந்தது. எண்ணிக்கைக்குத்தான் அது என்றிருந்தாள், அதை வாசித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் திரும்ப வந்தது. இந்தத் தடவை மூத்திரம் தேத்தண்ணிச் சாயம் மாதிரி இருந்தது. செபமாலை பனடோல் கொடுத்தார். கிட்னிக் காய்ச்சலாக இருக்க முடியாது, சான்றிதழில் இல்லை என்று இருக்கிறதே என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே டாக்டரம்மா மருந்து எழுதினாள், எக்ஸ்ரேக்கும் எழுதினாள். பதிகிற ஜன்னலில் இருந்தவன் கிளினிக் கொப்பியில் ஒட்டியிருந்த திட்டத்தின் முத்திரையைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையின் விசயம் முடிந்துவிட்டது, வேண்டுமானால் பதினாலு மாதம் கழித்து ஒரு திகதி இருக்கிறது என்றான்.

பேச்சியம்மா உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தாள். ஹட்டனில் ஒரு மாடிக் கட்டடத்தில் திட்டத்தின் அலுவலகம். டாக்டர் குகநேசனின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்துக் கூடையையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இரத்தம் பொய் சொல்லாது அம்மா."

"பொய் சொல்லலீங்கய்யா. அது வேற புள்ளையோட இரத்தங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, அதத்தான் அது சொல்லுது."

டாக்டர் பேனாவைத் திரும்பத் திறந்தார். இது பெரிய விசயம், தனியாகத் தீர்க்க முடியாது என்று விசாரணைக் குழு ஒன்று வைத்தார். குழுவில் மூன்று பேர். மூன்று தடவை கூடினார்கள். ஒவ்வொரு தடவையும் பேச்சியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பட்டீஸ் போனது, தேத்தண்ணி போனது. மூன்றாம் தடவை கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள்.

"முப்பத்தேழாம் இலக்கம் ஆர் எண்டதுதான் கேள்வி," என்றார் டாக்டர். "நாங்கள் ஆழமா ஆராய்ஞ்சம். முப்பத்தேழு எண்டு எழுதின குழாய்க்குள்ள ஆரின்ரை இரத்தம் இருக்கோ, அந்தப் பிள்ளைதான் முப்பத்தேழு. பேர் எல்லாம் தாய் தகப்பன் வைக்கிறது. இலக்கம் விஞ்ஞானம் வைக்கிறது. ஆகவே ஒரு பிழையும் நடக்கேல்லை."

"அப்ப எம் புள்ளைங்க?"

"உங்கட பிள்ளை திட்டத்தில இல்லை. திட்டத்தில இல்லாத பிள்ளையைப் பற்றி நான் கருத்துச் சொல்லுறது ஒழுக்கக்கேடு."

"அவகிட்ட நாலு குழாய் எடுத்தீங்களே ஐயா."

"அது பழுதாப் போன இரத்தம். பழுதான இரத்தத்துக்குச் சொந்தக்காரர் இல்லை."

"இப்ப எடுங்க. இப்பயும் மேலு சுடுது, தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொடவில்லை. இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "ஐம்பது நிரம்பியாச்சு அம்மா. ஐம்பத்தோராவது குழாய்க்கு நான் எங்க போறது?"

இனி இப்படி ஆள் மாறாமல் இருக்க எல்லா அட்டையிலும் போட்டோ ஒட்ட உத்தரவானது. முப்பத்தேழாம் அட்டையில் யோகராணியின் படம் ஒட்டப்பட்டது. பல் தெரியச் சிரிக்கிற படம்.

அடுத்தது சரிபார்ப்பு. அரைக்குக் கீழே வந்த பிள்ளைகளில் சிலரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, எக்ஸ்ரே பிடித்து, இரத்தம் சொன்னது சரிதானா என்று பார்க்க வேண்டுமாம். சீட்டில் முப்பத்தேழு விழுந்தது. வெள்ளை வேன் லயத்து வாசலுக்கே வந்து நின்றது.

பேச்சியம்மா கௌசியைக் குளிப்பாட்டி, சப்பாத்து போட்டு, வேன் கதவருகில் நிறுத்தினாள். ஜெயமலர் அட்டையைப் பார்த்தாள், கௌசியைப் பார்த்தாள். முதல்தடவையாக அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள் என்றே சொல்லலாம். கண் கலங்கியது. ஆனால் பட்டியல் அவள் கையில் இருந்தது.

"படத்தில இருக்கிற பிள்ளைதானம்மா வரவேணும். நான் என்ன செய்யிறது?"

"இதையும் ஏத்திக்கங்க மிஸ்ஸி. பின்னாடி சீட்டு காலியாத்தானே இருக்கு?"

"பட்டியல்ல இல்லாத பிள்ளையை ஏத்தினால் எனக்கு வேலை போகும்."

விஞ்ஞானம் இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தது. முப்பத்தேழாம் இலக்கத்தின் பாதுகாவலர் என்று படிவத்தில் கைநாட்டு வைத்திருந்தவள் பேச்சியம்மா. யோகராணியோடு போக வேண்டியவள் அவள்தான். பெற்றவள் போக முடியாது.

அழகம்மா மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் வாயில் பகிடிப் பேச்சு இல்லை.

"அந்த எக்ஸ்ரேக் குழாய விடுவாங்களாடி இவளுக்கு?"

பேச்சியம்மா குனிந்து கௌசியின் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

அழகம்மா பிடியை விட்டாள். "சரி, கூட்டிட்டுப் போ. எம் புள்ள கத்துனாலும் பரவால்ல. நீ அங்க போயி யாரு காலுலயாவது விழு. கௌசிக்கும் ஒரு திகதி வாங்காம வராத."

கண்டியில் திட்டம் வாடகைக்குப் பிடித்திருந்த எக்ஸ்ரே அறையில், ஒரு நோயும் இல்லாத பிள்ளையின் இரண்டு கால்களையும் பேச்சியம்மா பிடித்துக்கொண்டாள். யோகராணி, "அத்தே, வேணாந்த்தே" என்று கத்திய கத்தலில் வெளியே ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். படம் சுத்தமாக வந்தது. எக்ஸ்ரே பிடித்த சிங்கள ஆள் ஈரமனசுக்காரன். பேச்சியம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சியபோது, பட்டியலில் ஒரு பெயர் எழுதி வந்தால் நாளைக்கே எடுத்துத் தருகிறேன் என்றான். பட்டியல் எழுதுகிறவர் டாக்டர் குகநேசன்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோகராணி அவள் மடியில் ஏறவில்லை. ஜன்னல் பக்கம் ஒதுங்கியே இருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஹட்டனில் மண்டபம் எடுத்து முடிவு அறிவிக்கும் விழா நடந்தது. இலக்கங்களும் பாதுகாவலர்களும் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. கௌசி இரண்டு நாளாக ஒண்ணுக்குப் போகவில்லை. வயிற்றை வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள் அழகம்மா. போகத்தான் போகிறோம், போகிற வழியில் ஒரே ஒரு தடவை அந்த டாக்டரின் கண்ணில் பிள்ளையைக் காட்டி, பட்டியலில் பெயரை எழுத வைத்துவிட்டுப் போவோம் என்றாள் பேச்சியம்மா. ஆஸ்பத்திரியில் மறுபடி பதினாலு மாதம் என்பார்களே என்று அவளுக்குப் பயம்.

மேடையில் டாக்டர் குகநேசன் பேசினார். "பின்னோட்டம் இல்லை எண்டு எங்கட இரத்தம் சொன்ன பிள்ளையளிலை, சரிபார்த்த ஒராளிலையும் பின்னோட்டம் இல்லை. நூற்றுக்கு நூறு! முப்பத்தேழாம் இலக்கத்தைப் பற்றிச் சிலர் சந்தேகம் கிளப்பினவை. எக்ஸ்ரே என்ன சொன்னது? சுத்தம்! சந்தேகப்பட்ட ஆக்களுக்கு நான் நன்றி சொல்லவேணும். அவையளால்தான் எங்கட முறையின்ரை பலம் வெளிச்சத்துக்கு வந்தது."

இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பதக்கம் போட்டார்கள். முப்பத்தேழைக் கூப்பிட்டபோது பேச்சியம்மா ஒரு கையில் யோகராணியைப் பிடித்து, மறு இடுப்பில் கௌசியோடு மேடை ஏறினாள். பதக்கம் போட்ட டாக்டர் நிமிர்ந்தார். நிமிர்ந்த இடத்தில் கௌசியின் முகம் இருந்தது. ஒரு பிள்ளையை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஐயா, பாருங்கய்யா," என்றாள் பேச்சியம்மா. "நல்லாப் பாருங்க. ரெண்டு நாளா ஒண்ணுக்கே..."

டாக்டர் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கௌசியின் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளிச் சபைப் பக்கம் திருப்பினார்.

"தோட்டத்துப் பிள்ளையள் எண்டால் எலும்பும் தோலும் எண்டு ஆர் சொன்னது? இந்தக் கன்னத்தைப் பாருங்கோ! எவ்வளவு கொழுகொழுவெண்டு!"

படம் எடுத்தார்கள். பேச்சியம்மா சொல்ல வந்தது கைதட்டலுக்குள் போய்விட்டது. முப்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள். யாரோ அவள் தோளைத் தொட்டுப் படியின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

கடைசிப் படியில் கௌசி சிணுங்கினாள். "அம்மா, சப்பாத்து கடிக்குது."

பேச்சியம்மா அங்கேயே உட்கார்ந்தாள். போன மாதம் தொளதொளவென்று இருந்த சப்பாத்து இப்போது கழற்ற வரவில்லை. இழுத்துக் கழற்றினாள். வார் இருந்த இடம் காலில் பள்ளமாகக் கிடந்தது. அதற்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, நீர் கோத்து வீங்கியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. விரலை எடுத்தாள். மண்டபம் முப்பத்தெட்டுக்குக் கைதட்டி, முப்பத்தொன்பதுக்குக் கைதட்டி, நாற்பதைக் கூப்பிட்டது. குழி மேலே வரவில்லை.